கொடுப்பவன்

நாப்ஸ்டரைத் திருட்டு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். 1999இல் வந்தது, 2001இல் கோர்ட் நடவடிக்கையால் நின்றது. ஆனால் அதில் பாட்டு, எங்கோ இருந்த இன்னொரு ரசிகனின் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அவன் அணைத்துவிட்டால் பாதியில் நின்றது. கொடுப்பவன் என்று ஒருவன் இருந்தான்.

இன்று மாதச் சந்தாவுக்குக் கோடிக்கணக்கான பாட்டுகள். ஒன்றும் நம்முடையதில்லை. 2022இல் நீல் யங் ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாட்டுகளை விலக்கிக்கொண்டார். 2024இல் திரும்ப அனுமதித்தார். இரண்டு தடவையும் கேட்பவனை யாரும் கேட்கவில்லை. லெட்ஜர் பாஷையில் இது இருப்பாகாது, வாடகைச் செலவு.

அதுகூடப் போகட்டும். நண்பன் சி.டி.யில் பதிந்து கொடுத்ததை, பிடிக்காவிட்டாலும் மூன்று தடவை கேட்டேன். அவனிடம் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். இப்போது பத்து விநாடியில் தள்ளிவிட முடிகிறது. பதில் கேட்க எவருமில்லை. விமர்சனம் அந்தப் பதிலில்தான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.