பிஎச் வந்த வழி

ஒரு கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை மடக்கையில் சொல்லும் எண் பிஎச். பள்ளி வேதியியலில் அமிலம், காரம் பாடத்தின் நடுவே அது ஒரு சூத்திரமாக வந்து நிற்கிறது. ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எடுத்து முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். விடை 7க்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே இருந்தால் காரம். ஏன் மடக்கை, ஏன் கழித்தல் குறி, இப்படி ஓர் எண் யாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்ற கேள்விகளுக்குப் பாடப்புத்தகங்கள் பொதுவாக இடம் தருவதில்லை. அவற்றுக்கு விடை தேடிப் பின்னோக்கிப் போனபோது, தடம் என்னை டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பீர் ஆலை ஒன்றின் ஆய்வகத்துக்கும், அங்கே புரதத்தைச் சிதைக்கும் நொதிகளிடமும் கொண்டுபோய் விட்டது.

அமிலத்தை நிறத்தால் அடையாளம் காண்பது பழைய பழக்கம். நீல வயலட் பூவின் பாகு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை இராபர்ட் பாயில் 1664இல் நிறங்களைப் பற்றிய தம் நூலில் எழுதினார். பிறகு தரம் பார்த்தல் வந்தது. அமிலத்தோடு காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறம் மாறும் புள்ளியில் நிறுத்தி, செலவான காரத்தை வைத்து அமிலத்தின் அளவைக் கணக்கிடும் முறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ‘அமிலத்தன்மை’ என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. லிட்டருக்கு 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு முகவையில், அதே செறிவுள்ள அசெட்டிக் அமிலம் இன்னொரு முகவையில் இருப்பதாகக் கொள்வோம். தரம் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடுதான் செலவாகும். ஆனால் முதல் முகவையில் அமிலம் ஏறக்குறைய முழுவதும் பிரிந்து ஹைட்ரஜன் அயனிகளைத் தந்திருக்கிறது. இரண்டாவதில் நூற்றுக்குச் சுமார் 1.3 மூலக்கூறுகள் மட்டுமே பிரிந்திருக்கின்றன. முதலாவதன் பிஎச் ஏறத்தாழ 1, இரண்டாவதன் பிஎச் ஏறத்தாழ 2.9. கட்டுண்டு கிடக்கும் ஹைட்ரஜனையும் சேர்த்து எண்ணிவிடுகிறது தரம் பார்த்தல். கரைசலில் அந்த நொடியில் விடுபட்டு நிற்கும் அயனி எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதற்கான அடிப்படையை ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1880களில் தம் அயனிக் கொள்கையால் தந்தார். 1904இல் ஹான்ஸ் ஃபிரீடென்தால் கரைசல்களை ஹைட்ரஜன் அயனிச் செறிவால் வகைப்படுத்தலாம் என்றும், அதற்கு நிறங்காட்டிகளின் வரிசை ஒன்றைப் பயன்படுத்தலாம் என்றும் காட்டினார். கருத்து இருந்தது. அதை அன்றாடக் கருவியாக்கும் தேவை இன்னும் எழவில்லை.

அந்தத் தேவை கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எழுந்தது. பீர் ஆலை அதிபர் ஜே. சி. ஜேக்கப்சன் 1875இல் அதை நிறுவினார். கோட்பாட்டுக்கோ நடைமுறைக்கோ முக்கியமான எந்த முடிவையும் ரகசியமாக வைக்கக் கூடாது என்பது ஆய்வகத்தின் விதி. ஒரு வணிகர் தம் பணத்தில் நடத்திய ஆய்வகத்துக்கு இப்படி ஒரு விதியை எழுதி வைத்தது பெரிய காரியம். எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் பிரித்தெடுத்த தூய ஈஸ்ட் போட்டி ஆலைகளுக்கும் கிடைத்தது அந்த விதியின் பலன். அதே ஆண்டில் யோஹான் கெல்டால் தானியத்தில் உள்ள புரதத்தை நைட்ரஜன் வழியாக அளக்கும் முறையை வெளியிட்டார். உணவுப் பகுப்பாய்வில் அது இன்றும் வழக்கில் உள்ளது. கெல்டால் 1900இல் இறந்தபின், 1901இல் வேதியியல் துறையின் பொறுப்புக்கு வந்தவர் சோரன் பீட்டர் லாரிட்ஸ் சோரன்சென். 1868இல் பிறந்த உழவர் மகன் அவர்.

சோரன்செனின் அக்கறை அமினோ அமிலங்களிலும் புரதங்களிலும் இருந்தது. ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுக்கும் கார்பாக்சில் தொகுதியும், அதை ஏற்கும் அமினோ தொகுதியும் ஒன்றாக இருக்கின்றன. அதனால் அதை நேராகத் தரம் பார்த்தால் தெளிவான முடிவு கிடைக்காது. ஃபார்மால்டிஹைடைச் சேர்த்து அமினோ தொகுதியைக் கட்டிப் போட்டுவிட்டு, கார்பாக்சில் தொகுதியை மட்டும் தரம் பார்க்கும் வழியை அவர் 1907இல் கண்டார். நொதி ஒரு புரதத்தை எவ்வளவு சிதைத்திருக்கிறது என்பதை இதனால் படிப்படியாகப் பின்தொடர முடிந்தது. ‘நொதி ஆய்வுகள்’ என்று அவர் தொடங்கிய கட்டுரை வரிசையின் முதல் பகுதி இந்த முறையைப் பற்றியது. பிஎச் அதன் இரண்டாம் பகுதி. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரிம வேதியியலின் ஒரு சிக்கலைத் தீர்த்து, அதைக் கொண்டு உயிர்வேதியியலுக்குள் நுழைந்தவருக்கு அங்கே எதிர்ப்பட்ட தடைதான் பொது வேதியியலின் மிகப் பழகிய எண்ணைத் தந்தது.

தடை இதுதான். நொதியின் வேகம் அமிலத்தன்மைக்கு ஏற்பக் கூடிக் குறைந்தது. ஆனால் சேர்த்த அமிலத்தின் அளவோடு அது ஒழுங்காகப் பொருந்தவில்லை. சேர்த்த அமிலத்தின் ஒரு பகுதியைக் கரைசலில் உள்ள புரதங்களும் உப்புகளும் பிடித்துக்கொண்டன. நொதியைப் பாதித்தது மிச்சமாக விடுபட்டு நின்ற ஹைட்ரஜன் அயனிதான். நொதியும் ஒரு புரதம். அதன் பக்கத் தொகுதிகள் அந்த அயனிகளை ஏற்றும் இழந்தும் மின்னேற்றம் மாறுகின்றன. அதோடு நொதியின் வடிவமும் வினைத்திறனும் மாறுகின்றன. பெப்சின் இரைப்பையின் கடும் அமிலத்தில், பிஎச் 2ஐ ஒட்டி நன்றாக இயங்கும். குடலில் வேலை செய்யும் டிரிப்சினுக்கு 8ஐ ஒட்டிய மெல்லிய காரம் வேண்டும்.

அயனியை அளக்க அவர் கையாண்ட முதன்மைக் கருவி ஹைட்ரஜன் மின்முனை. நுண்ணிய பிளாட்டினம் துகள் கறுப்பாகப் படிந்த பிளாட்டினம் கரைசலில் அமிழ்ந்திருக்கும். அதன்மேல் ஹைட்ரஜன் வாயு குமிழ்களாக ஓடும். மறுபுறம் பாதரசமும் கலோமலும் கொண்ட ஒப்பீட்டு மின்முனை. இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளந்தால், நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி, அது செறிவின் மடக்கையோடு நேர்கோட்டில் மாறும். 18 பாகை செல்சியஸில், செறிவு பத்து மடங்கு மாறும்போதெல்லாம் மின்னழுத்தம் 0.0577 வோல்ட் மாறும். ஆகவே கருவி தரும் விடையே மடக்கை அளவில்தான் இருந்தது. 0.0000001 போன்ற எண்களை எழுதிக்கொண்டிருப்பதைவிட, பத்தின் அடுக்கில் வரும் 7ஐ மட்டும் எழுதுவது எளிது. அந்த அடுக்கு ஏறக்குறைய எப்போதும் குறை எண்ணாக வருவதால் குறியை நீக்கிவிடலாம். நொதியின் வேகத்தை இந்த எண்ணுக்கு எதிராக வரைந்தபோது, உச்சி எங்கே என்று தெளிவாகக் காட்டும் வளைகோடுகள் கிடைத்தன. இன்வர்டேஸ், கேட்டலேஸ், பெப்சின் ஆகியவற்றை அவர் இப்படி ஆராய்ந்து 1909இல் வெளியிட்டார். மின்முனை கைவசம் இல்லாதவர்களுக்காக நிறங்காட்டி முறையையும், அதற்கு வேண்டிய, பிஎச் எளிதில் மாறாத தாங்கல் கரைசல்களின் பட்டியலையும் அதே கட்டுரையில் தந்தார். சோரன்சென் பாஸ்பேட் தாங்கல் இன்றும் உயிரியல் ஆய்வகங்களில் தயாராகிறது.

முன்னால் நிற்கும் ‘பி’ பற்றி ஒரு வார்த்தை. அது அடுக்கு, வலிமை என்ற பொருளுள்ள ஒரு சொல்லின் முதலெழுத்து என்று பல நூல்கள் சொல்கின்றன. டென்மார்க்கின் யென்ஸ் நோர்பி 2000இல் மூலக் கட்டுரையை நுணுகிப் படித்து, இரு கரைசல்களைக் குறிக்க சோரன்சென் எடுத்துக்கொண்ட ‘பி’, ‘க்யூ’ என்ற எழுத்துகளில் ஒன்றே இது என்று வாதிட்டார். அவர் வாதமே வலுவானதாகத் தெரிகிறது.

புதிய எண்ணை உடனே பற்றிக்கொண்டவர்கள் உடலியலாளர்களும் மருத்துவர்களும். லாரன்ஸ் ஹெண்டர்சன் இரத்தத்தில் கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்து காக்கும் சமநிலையை 1908இல் விளக்கியிருந்தார். கார்ல் ஹாசல்பால்க் 1916இல் அதை பிஎச் வடிவில் எழுதினார். மனித இரத்தத்தின் இயல்பான பிஎச் 7.35 முதல் 7.45 வரை. இது சிறிய இடைவெளியாகத் தோன்றலாம். ஆனால் மடக்கை அளவில் 7.4 என்பது 7.1 ஆக இறங்கினால் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள்.

கருவி எளிதானது 1930களில். கலிபோர்னியாவின் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டியிருந்தது. அதில் கந்தக டையாக்சைடு கலந்திருந்ததால் ஹைட்ரஜன் மின்முனை பழுதானது, லிட்மஸும் வெளுத்தது. இதற்கு மாற்றாக, ஹைட்ரஜன் வாயு தேவைப்படாத கண்ணாடி மின்முனையின் மெல்லிய மின்னோட்டத்தை வெற்றிடக் குழாயால் பெருக்கிக் காட்டும் பெட்டி ஒன்றை ஆர்னால்டு பெக்மன் 1934இல் செய்து தந்தார். இன்றைய பிஎச் மீட்டர்கள் அதன் வழிவந்தவை.

வரையறையும் பின்னர் திருத்தம் பெற்றது. மின்முனை உணர்வது அயனியின் செறிவை அல்ல, அதன் செயலூக்கத்தை, அதாவது பயனளவில் வெளிப்படும் செறிவை, என்று சோரன்செனும் அவரோடு பணியாற்றிய லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் 1924இல் காட்டினர். இன்றைய முறையான வரையறை செயலூக்கத்தின் மீதே நிற்கிறது. பள்ளியில் செறிவை வைத்துத் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் நொதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் பிஎச்சைக் கற்பிப்பது, அது எதற்காக உருவானதோ அந்தக் காரணத்தை மாணவரிடமிருந்து மறைப்பதாகும். பாடநூல் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.