சாரலுக்கு எந்த ஜெர்சி?

ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்ததும் குற்றாலத்துக்கு இரண்டு பக்கமிருந்து கூட்டம் வரும். கிழக்கே இருந்து திருநெல்வேலி, மதுரைக்காரர்கள். மேற்கே மலை தாண்டி கொல்லம், புனலூர்க்காரர்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வண்டி நம்பரைப் பார்க்க வேண்டியதில்லை. பேரருவிக் கரையில் பிழிந்து உலரப்போட்டிருக்கும் பனியன்களைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். மஞ்சள் ஜெர்சி, முதுகில் 7 என்று இருந்தால் அது தோனி, சி.எஸ்.கே. அதே மஞ்சளில் நெஞ்சில் யானை இருந்தால் கேரளா பிளாஸ்டர்ஸ். நீலத்தில் ஒரு திருஷ்டி பொம்மை முறைத்துக்கொண்டிருந்தால் சென்னையின் எஃப்.சி. அந்த நீல அணியின் உரிமையாளர்களில் ஒருவர் மஞ்சள் சட்டைத் தோனி என்பது இன்னொரு வேடிக்கை. பிளாஸ்டர்ஸ் என்ற பெயரோ ‘மாஸ்டர் பிளாஸ்டர்’ சச்சின் டெண்டுல்கரிடமிருந்து வந்தது. தொடங்கியபோது அவரும் ஓர் உரிமையாளர். கிரிக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே கால்பந்து நடை பழகியது.

தென்காசி, கபடியும் கிரிக்கெட்டும் ஆடும் ஊர். ஆனாலும் இங்கே இளைஞர்களிடம் ‘எந்த டீம்?’ என்று கேட்டால் பதில் டக்கென்று வருகிறது. ‘ஏன் அந்த டீம்?’ என்று கேட்டால்தான் கதை வருகிறது. அந்தக் கதைக்கு ஊரின் வரைபடம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாகப் பிரித்தபோதுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற வழியில் பிரானூரை இன்னும் ‘பார்டர்’ என்றே சொல்கிறார்கள். நாட்டுக்கோழிக் குழம்பும் பரோட்டாவும் தேடி நீங்கள் போகிற அதே பார்டர்தான். மாநில எல்லை மேற்கே நகர்ந்து, புளியரையைத் தாண்டிப் போய்விட்டது. பரோட்டாக் கடைகள் பழைய எல்லையிலேயே தங்கிவிட்டன. செங்கோட்டையில் எழுபது தாண்டிய பாட்டி யாரையாவது கேளுங்கள்; பிறந்தது ஒரு ராஜ்யம், வாக்கப்பட்டது இன்னொரு ராஜ்யம் என்பார்கள், வீடு மட்டும் அதே தெருவில்.

இந்தப் பாட்டிகளின் பேரன்களுக்குத்தான் 2014-ல் சோதனை வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் ஐ.எஸ்.எல். தொடங்கியது. தென்காசியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கும் மேலே. சாயந்தரம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போதுதான் எழும்பூர். கொச்சி 200 கிலோமீட்டர் சொச்சம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கை தட்டுவதா, தூரத்துச் சொந்தத்துக்கா?

“சென்னையின்னு பேர்லயே போட்டுருக்கான் அண்ணாச்சி. தென்காசியின்னா போட்டுருக்கான்?” என்றார் செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் அருகே மொபைல் கடை வைத்திருக்கும் தம்பி. வேற்றுமை உருபை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வழக்கு நடத்த முடியும் என்று எந்தத் தமிழாசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவர் மஞ்சள் கட்சி. அவருடைய அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரி ஓட்டியவர். லீவு நாட்களில் மகனையும் கேபினில் ஏற்றிக்கொள்வார். கொல்லத்தில் லோடு இறக்கும்வரை பையனுக்குப் பொழுது போனது, அங்கே மைதானத்தில் பந்து உதைத்த பிள்ளைகளோடு. “ஆட்டம்னா என்னன்னு அங்கதான் பாத்தேன். வேற எந்த டீமுக்கு நான் சப்போர்ட் பண்ண?”

கடையில் கூடவே உட்காரும் அவருடைய தம்பி நீலக் கட்சி. அவருக்குக் காரணம் ஒரே வரி: “நாம தமிழ்நாடுல்லா!” கல்லூரி படித்தது சென்னையில். நேரு ஸ்டேடியத்தில் ஸ்டாண்டில் நின்று கத்தியவர். பிறந்த ஊரைவிட, விடுதி வாழ்க்கையில் தனியாக இருந்த ஊர்தான் அவருக்கு அணியைத் தேடித் தந்திருக்கிறது.

அந்த முதல் சீசனிலேயே அரையிறுதியில் இரண்டு அணிகளும் மோதின. கொச்சியில் பிளாஸ்டர்ஸ் 3-0. சென்னையில் சென்னையின் மூன்று கோலையும் திருப்பிப் போட்டு ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனது. முடியப்போகிற நேரத்தில் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்து கேரளாவை இறுதிக்கு அனுப்பினார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே டி.வி. முன்னால். அன்றிரவு அம்மா தனித்தனியாகத்தான் சோறு போட்டார்களாம்.

இது வெறும் வீட்டுக்குள் நடக்கும் சண்டை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எல்லை ஊரில் ஜெர்சிக்கு வேறு கனமும் உண்டு. முல்லைப் பெரியாறு விவகாரம் சூடாகும்போது மஞ்சள் பனியன் போட்டவனிடம் ‘நீ எந்தூர்க்காரன்லே?’ என்ற கேள்வி வரும். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைக் கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போக நேர்ந்தது நினைவிருக்கும். அந்த வாரம் முழுக்க மொபைல் கடைத் தம்பியைப் பார்த்தவர்களெல்லாம், “ஒங்காளுங்க குப்பைய எடுத்துட்டாங்களா?” என்றார்களாம். அவர் ஜெர்சியைக் கழற்றவில்லை. “குப்பை கொட்டுனவன் வேற, பந்து ஆடுதவன் வேற” என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

கடையநல்லூர்ப் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே கொச்சியும் இல்லை, சென்னையும் இல்லை, மான்செஸ்டர், லிவர்பூல்! கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூர் போய்ப் பல தலைமுறை ஆகிறது. 1941-லேயே அங்கே கடையநல்லூர்க்காரர்களுக்குச் சொந்தமாகச் சங்கம் இருந்தது. சிங்கப்பூரோ இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் ஊறிய ஊர். லீவில் வரும் மாமா தைலத்தோடும் சாக்லேட்டோடும் ஒரு சிவப்பு ஜெர்சி கொண்டுவருவார். ஏழு வயதுப் பையனுக்கு அது தொளதொளவென்று முழங்காலுக்குத் தொங்கும். சட்டை உடம்புக்குச் சரியாகும் வயதில் அவன் அந்த அணியின் ஆயுள் சந்தாதாரர் ஆகியிருப்பான். வளைகுடாவுக்குப் போனவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். அறையில் கூடத் தங்கும் மலையாளிகள் இரவு மேட்ச் போட்டால் தூங்கவா முடியும்?

இங்கிலாந்தில் அப்பாதான் பிள்ளையைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போவார் என்பார்கள். ஆர்சனல் மீது கொண்ட பித்தைப் பற்றி 1992-ல் ஒரு புத்தகமே எழுதிய நிக் ஹார்ன்பியும் அப்படிப் போனவர்தான். பெற்றோர் பிரிந்த பிறகு, அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. 1968-ல் அது ஆர்சனல் மைதானமாக அமைந்தது. லாரி கேபினும் சிங்கப்பூர் மாமாவின் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

உலகக் கோப்பை வந்தால் மட்டும் இந்தப் பிரிவினை எல்லாம் அழிந்து அர்ஜென்டினா, பிரேசில் என்று இரண்டே கட்சி. 2014, 2018 இரண்டுமே ஜூன், ஜூலையில், அசல் சாரல் காலத்தில் நடந்தன. கேரள வேன்கள் கொடி கட்டியே குற்றாலம் வந்தன. 2022-ல் கோழிக்கோடு மாவட்டம் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் வைத்தார்கள். பொறுக்காத பிரேசில்காரர்கள் நெய்மருக்கு 40 அடி வைத்தார்கள். ரொனால்டோ ரசிகர்கள் 50 அடிக்குப் போனார்கள். ரஜினி, கமல் கட்-அவுட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் கோப்பையை வென்றதும் அர்ஜென்டினா கால்பந்துச் சங்கம் நன்றி சொன்ன ஊர்ப் பட்டியலில் கேரளாவின் பெயரும் இருந்தது!

சாரலுக்கு வருபவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு செங்கோட்டை - புனலூர் ரயிலிலும் போய் வாருங்கள். மீட்டர் கேஜ் காலத்துப் பாதை. அகலப்பாதையாக மாற்ற 2010-ல் மூடி, 2018-ல் முழுமையாகத் திறந்தார்கள். குகைகளுக்குள் புகுந்து, தமிழ் போர்டு மலையாள போர்டாக மாறும் இடத்தைத் தாண்டி, பதிமூன்று கண் பாலம் வரை ஜன்னலோரம் கிடைத்தால் யோகம். அதே தடத்தில் இரவில் போகும் பாலருவி எக்ஸ்பிரஸில் தென்காசியில் ஏறிப் படுத்தால் காலையில் எர்ணாகுளம். கலூர் ஸ்டேடியத்தில் மேட்ச் இருக்கும் நாட்களில் மொபைல் கடைத் தம்பி இந்த வண்டியில்தான் போவார்.

பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்ற அணி. சென்னையின் 2015-லும் 2018-லும் கோப்பை தூக்கிய அணி. வீட்டில் இந்தக் கணக்கைத் தம்பி வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவார். “அடுத்த சீசன் நீயும் கொச்சிக்கு வா. டிக்கெட் நான் போடுதேன்” என்று அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். தம்பி சம்மதித்துவிட்டார், நீலச் சட்டையோடுதான் வருவேன் என்ற நிபந்தனையில்.