உத்தரமேரூர்க் குடவோலை

சென்னைக்குச் செல்லும் நம் ஆசிரியரும் மாணவரும் ஒரு நாளை உத்தரமேரூருக்கு ஒதுக்குதல் நன்று. செங்கற்பட்டு வழியாகப் பேருந்திலே சென்று, கட்டுச்சோற்றை உண்டு, மாலையிலே மீளலாம், பெருஞ்செலவில்லை. நாமும் அவ்வாறே சென்றோம்.

பழைய பிராமணக் குடியிருப்பான அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் கண்டோம். 30 குடும்புகள், ஒவ்வொன்றுக்கும் குடவோலை. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் மீண்டும் இடமில்லை. இத்துணை ஒழுங்கா என வியந்தோம்.

ஆயின், வியப்போடு நின்றுவிடலாகாது. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவனே தகுதியுடையவன். கல்வி மிகுந்தோர்க்கு அரைக்கால் வேலியும் போதும். நிலமற்று அம்மண்ணை உழுதவனுக்கோ, பெண்ணுக்கோ ஓலையில்லை.

பழங்கதையென்று இதனை நாம் தள்ளிவிட முடியுமா? நம் நாட்டிலே 1949 இல் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தனர். அதனை முழுதாக மீட்கப் பல பத்தாண்டுகள் சென்றன. வகுப்பறையிலே குடவோலையின் பெருமையைக் கற்பிப்போம். எவர் பெயர் அக்குடத்துள் விழவில்லை என்பதையும் உடன் கற்பிப்போம்.