மாவலி வருகிற பாதை

தீபாவளிக்கு என்ன கதை என்று கேட்டால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். நரகாசுரன், சத்யபாமா, எண்ணெய்க் குளியல். முடிந்தது. கார்த்திகைக்கு என்ன கதை என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் திருவண்ணாமலை என்பார்கள். மீதிப் பேர் பொரி உருண்டை என்பார்கள்!

இரண்டுமே சரிதான். ஆனால், தேனிப் பக்கம் பிறந்தவர்களிடம் மூன்றாவதாக ஒரு பதில் இருக்கும். ‘மாவலி’ என்பார்கள். அதைச் சொல்லும்போதே கை தானாகத் தலைக்கு மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றும். கவனித்துப் பாருங்கள்.

முதலில் பெரிய கதைகளை முடித்துக்கொள்வோம். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் ‘யார் பெரியவர்’ என்று போட்டி. நடுவில் சிவன் அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாக நின்றார். தாழம்பூவைப் பொய்சாட்சி சொல்ல வைத்துப் பிரம்மா மாட்டிக்கொண்டார். அந்தத் தூண்தான் அண்ணாமலை. பெருமாள் கோயிலுக்குப் போனால் கதை வேறு. பிரம்மாவின் யாகத்தைக் கெடுக்க உலகத்தையே இருட்டாக்கினார்கள். பெருமாளே விளக்கொளியாக வந்து நின்றார் என்பார்கள். முருகன் கோயிலில் கேட்டால், குழந்தை முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களின் திருநாள் இது. ஒரே விளக்கு, மூன்று வீட்டார் பட்டா வைத்திருக்கிறார்கள்!

ஆனால், இந்தப் பட்டாக்களுக்கெல்லாம் முந்தைய விளக்கு ஒன்று இருக்கிறது. சங்க இலக்கியத்தில், அகநானூற்றில் நக்கீரர் பாடிய பாட்டு ஒன்றில், மழை ஓய்ந்த வானத்தில் கார்த்திகை மீனோடு முழுநிலா சேரும் ராத்திரியில் தெருவெல்லாம் விளக்கு வைத்து, மாலை தொங்கவிட்டு ஊரே கொண்டாடுகிறது. பின்னால், மயிலாப்பூரில் இறந்துபோன பெண்ணை எழுப்பப் பாடிய ஞானசம்பந்தர், ‘இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய்?’ என்று அடுக்குகிற திருவிழாக்களில் கார்த்திகை விளக்கும் உண்டு. செத்தவளைத் திரும்பிப் பார்க்க வைக்கும் அளவுக்கு அழகு என்று அந்தக் காலத்திலேயே நினைத்திருக்கிறார்கள்.

‘மழைக்காலத்தில் பூச்சி ஒழியத்தான் விளக்கு வைத்தார்கள், எல்லாம் விஞ்ஞானம்’ என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். ஒழிந்தால் சந்தோஷம். ஆனால், பூச்சியை ஒழிக்க யாராவது கோலத்து நடுவிலே விளக்கு வைப்பார்களா, சொல்லுங்கள்! ‘கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை’ என்பது எங்கள் பக்கமும் புழங்குகிற பழமொழி. மழை தந்த வானத்துக்கு, போய் வா என்று கை அசைப்பதுபோல அந்த விளக்கு. எனக்கு அந்தக் காரணமே போதும்.

கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் மேகமலை, வருசநாட்டு மலை. இன்னொரு பக்கம் கேரளத்தை மறைத்து நிற்கிற மேற்குத் தொடர்ச்சி மலை. நடுவிலே நெல்லும் தென்னையும் திராட்சையுமாக ஒரு பச்சைத் தொட்டில். இங்கே பௌர்ணமி நிலா சமவெளி மாதிரி சட்டென்று வந்துவிடாது. மேகமலையைத் தாண்டி ஏறித்தான் வரவேண்டும். அந்தக் கொஞ்ச நேர இருட்டில் வாசல் திண்ணைகளிலும் மாட்டுத் தொழுவத்திலும் குப்பைக் குழியிலும்கூட அகல் எரிந்துகொண்டிருக்கும். ‘குப்பைக்கு எதுக்கு அப்பத்தா வெளக்கு?’ என்று கேட்டால், ‘அதுதாண்டா வயலுக்குச் சோறு போடுது’ என்று பதில் வரும்.

கோயில் வாசலில் சொக்கப்பனை. பனைமரத்துண்டை நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டிக் கொளுத்துவார்கள். அண்ணாமலையின் நெருப்புத் தூணுக்கு இது ஊர் அளவில் ஒரு நகல். எரிந்து முடிந்ததும், பெரியவர்கள் அந்தக் கரியையும் சாம்பலையும் எடுத்துப் போய் வயலில் போடுவார்கள். விளைச்சல் கூடுமாம்.

பெரியவர்களுக்குச் சொக்கப்பனை என்றால், பையன்களுக்கு மாவலி. கடையில் வாங்குகிற மத்தாப்பு இல்லை அது. பத்து நாள் உழைப்பு! ஆண்பனையின் பூக்கதிரைப் பொறுக்கி வந்து காயப்போட வேண்டும். குழி வெட்டி அதில் போட்டுத் தீ வைத்து, கனன்று வரும்போது மண்ணைப் போட்டு மூட வேண்டும். முந்திக்கொண்டால் கதிர் வேகாது. பிந்திவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். அந்தக் கரியை அம்மியில் மாவாக அரைத்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் திணித்து, சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதை மூன்று பனைமட்டைக் கீற்றுக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கயிறு கோக்க வேண்டும். உச்சியில் ஒரு கங்கு வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால்... பொன்னைத் தூளாக்கித் தூவின மாதிரி பொறி பறக்கும். ‘மாவலியோ மாவலி!’ என்று கத்திக்கொண்டே சுற்ற வேண்டும். வெடிச்சத்தம் கிடையாது. கயிறு காற்றை அறுக்கிற ‘உஸ்’ஸும் எங்கள் தொண்டையும்தான்.

‘மாவலின்னா யாரு?’ என்று ஒருமுறை அப்பத்தாவிடம் கேட்டேன். ‘ராசாடா. பூமிக்கு அடியில இருக்காரு. நீங்க போடுற சத்தத்துலதான் அவருக்கு நாள் தெரியும்’ என்றார். சிலர் ‘மாவளி’ என்று எழுதி, வளி என்றால் காற்று, காற்றில் சுற்றுவதால் அந்தப் பெயர் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அப்பத்தாவின் ராஜாதான் பிடித்திருக்கிறது.

ஏனென்றால், அந்த ராஜாவின் கதையே விளக்கில்தான் தொடங்குகிறது. வேதாரண்யம் கோயிலில் ஒரு எலி. விளக்கில் இருந்த நெய்யைக் குடிக்க வந்தது. திரி மூக்கைச் சுட்டது. துள்ளிய துள்ளலில் திரி மேலே தூண்டப்பட்டு, அணையப்போன விளக்கு பளிச்சென்று எரிந்தது. எலி வந்ததோ நெய் திருட! ஆனாலும் சிவபெருமான், ‘என் விளக்கைத் தூண்டினாய், மூவுலகையும் ஆள்’ என்று வரம் கொடுத்துவிட்டார். அந்த எலிதான் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி. அப்பர் தேவாரத்திலேயே இந்த எலி வருகிறது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வாமனனாக வந்த திருமால் மூன்றடி மண் கேட்டார். மூன்றாவது அடிக்குத் தலையைக் கொடுத்தார் மாவலி. பாதாளத்துக்குப் போனார். வருஷத்துக்கு ஒரு நாள் மேலே வந்து தன் ஜனங்களைப் பார்த்துப் போக அவருக்கு அனுமதி உண்டு என்பார்கள்.

எந்த நாள் என்பதில்தான் சுவாரஸ்யம். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அவர் ஓணத்துக்கு வருகிறார். பூக்கோலம் போட்டு வரவேற்கிறார்கள். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் தீபாவளிக்கு மறுநாள் பலிக்கான நாள். கன்னடத்தில் ‘பலிபாட்யமி’ என்று பெயர். எங்கள் பக்கம் கார்த்திகையில் பையன்கள் அவர் பெயரைச் சொல்லி நெருப்பைச் சுற்றுகிறார்கள். கேரளத்தை ஒட்டிக் கிடக்கிற, கன்னடம் பேசும் குடும்பங்களும் நிறைய வாழ்கிற எங்கள் பள்ளத்தாக்கில், இந்த மூன்றும் ஒரு பஸ் பயணத்துக்குள் வந்துவிடும். தோற்றுப்போன ஒரு ராஜாவுக்கு இத்தனை ஊரில் விளக்கா!

இன்னொரு கதையும் இங்கே பாறையில் உட்கார்ந்திருக்கிறது. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் அருகே உள்ள பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, கீழே வட்டெழுத்து. சமணர்களுக்குத் தீபாவளி என்பது மகாவீரர் முக்தி அடைந்த நாள். அறிவின் வெளிச்சம் போய்விட்டதே, பொருளால் ஆன வெளிச்சத்தையாவது ஏற்றுவோம் என்று அன்றைக்கு அரசர்கள் விளக்கேற்றினார்கள் என்கிறது அவர்கள் மரபு. ஒருத்தருக்குத் தீபாவளி வெற்றி. இன்னொருத்தருக்குப் பிரிவு. விளக்கு அதே விளக்கு.

இதையெல்லாம் சும்மா கதைக்காகச் சொல்லவில்லை. 2011 டிசம்பரை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். முல்லைப் பெரியாறு பிரச்னை வெடித்து, குமுளி எல்லை அடைபட்டது. கம்பத்திலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1895-ல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீர்தான் மலையைக் குடைந்து வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரமாகி, பிறகு வயலுக்குப் பாய்கிறது. எங்கள் நெல்லும் அதுதான். எங்கள் வீட்டு பல்பும் ஒரு வகையில் அதுதான்.

ஆனால், அதே பாதையில்தான் தினமும் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து எங்கள் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். அந்த ஜீப்புகள் நின்றன. தோட்டங்களில் தங்கி வேலை பார்த்தவர்கள் மூட்டை முடிச்சோடு மலை இறங்கினார்கள். எங்கள் அத்தை ஒருவர் முப்பது வருஷம் ஏலக்காய் எடுத்த கை. அது கார்த்திகை மாதம். கூலி இல்லாத வீட்டில் தீபத்தன்று அகல் ஏற்றிக்கொண்டே, ‘அங்கிட்டு சேச்சியும் இன்னைக்கு வெளக்கு வச்சிருக்கும்ல?’ என்றார். பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் சீறினான்: ‘அவங்களுக்கு ஏது அத்தை கார்த்திகை?’

‘ஏன் இல்ல? அங்கயும் கார்த்திகதான். நாந்தான் பார்த்திருக்கேன்ல’ என்றார் அத்தை.

அவர் சொன்னது உண்மை. கேரளத்தில் அதற்குத் ‘திருக்கார்த்திகை’ என்று பெயர். அதே கார்த்திகை நட்சத்திரம், அதே வாசல் விளக்கு. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சாயங்காலம். நடுவில் மலை நிற்பதால் இங்கே இருப்பவருக்கு அங்கே எரிவது தெரிவதில்லை.

2014 மே 7-ம் தேதி, அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. எங்கள் பக்கம் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். நியாயமான சந்தோஷம். அத்தைக்கோ, ஜீப் ஒழுங்காகப் போகிறதா என்பதுதான் கணக்கு. தண்ணீரும் வேண்டும், கூலியும் வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்து ஊர் எதிரியாக இருக்கக் கட்டுப்படியாகாது.

இப்போது மாவலி சுற்றுகிற பையன்கள் குறைந்துவிட்டார்கள். பனையும் குறைந்துவிட்டது. 2021-ல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். மரம் பிழைத்தால் மட்டும் போதாது. கதிரை எப்போது மூடவேண்டும் என்ற கணக்குத் தெரிந்த கையும் பிழைக்க வேண்டும். அது புத்தகத்தில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து, புகை கண்ணைக் கரிக்கக் கரிக்கப் பார்த்தால்தான் வரும்.

உங்கள் ஊரில் கார்த்திகைக்கு என்ன கதை? வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இந்த வருஷம் விளக்கு வைக்கும்போது கேட்டு வையுங்கள். டிவியில் மகாதீபம் பார்த்து முடித்த பிறகு கேட்டாலும் சரி. அவர்கள் சொல்வது எந்தப் புராணத்திலும் இல்லையென்றால் திருத்தப் போகாதீர்கள். நெய் திருட வந்த எலியையே சக்கரவர்த்தியாக்கிய பண்டிகை இது. உங்கள் பாட்டியின் கதைக்கும் அதில் இடம் இருக்கும்.