முருங்கைக்கீரையும் மூன்றாம் நாளும்

கொரோனாவுக்காக 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு போட்டார்கள். மதுரையில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையும் ஷட்டரை இறக்கிவிட்டது. அன்றிரவே நாடு முழுக்க ஊரடங்கு. என் சட்டைப்பையில் நான்கு சிகரெட் மிச்சமிருந்தது. 22 வருஷப் பழக்கம்; நாளைக்குப் பத்துக்குக் குறையாது.

மறுநாள் மத்தியானத்துக்குள் நான்கும் தீர்ந்தன. மூன்று மடங்கு விலை கொடுத்தால் ஓரிடத்தில் கிடைக்கும் என்று சேதி வந்தது. அப்படி ஒளிந்து போய் வாங்க மனசு கூசியது. போகவில்லை.

மூன்றாம் நாள்தான் கொடுமை. உடம்பில் நிகோடின் வடிந்து, மூளை அதைக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கும் உச்சம் அதுதான் என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். தலை கனத்தது, வயிறு கட்டிக்கொண்டது, தூக்கம் போயிற்று. மகள் பென்சில் சீவுகிற சத்தம் தாங்காமல் கத்திவிட்டேன். அவள் பென்சிலை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று சாயங்காலம் குப்பைக்கூடையைக் கிளறினேன். துண்டு ஒன்றும் இல்லை. கசங்கிய காலிப் பெட்டிதான் கிடைத்தது. அதைப் பிரித்து முகர்ந்துகொண்டு நின்றபோது அம்மா பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கொல்லையில் ஒடித்த முருங்கைக் கொத்தை என் மடியில் போட்டு, "இந்தா, இதை ஆஞ்சு குடுப்பா" என்றார்.

முருங்கைக்கீரை ஆய்வதற்குப் பொறுமை வேண்டும். ஈர்க்கு ஈர்க்காக உருவ வேண்டும், பழுப்பைத் தள்ள வேண்டும். சிகரெட் பிடித்து மஞ்சளேறிய இரண்டு விரலும் பச்சையாயின. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த வெறி இறங்கியிருந்தது. திரும்ப வந்தது, திரும்ப இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவ்வளவுதான் அதன் ஆயுசு.

மூன்று வாரத்தில் உடம்பு அடங்கிவிட்டது. டீதான் அடங்கவில்லை. இடது கையில் கிளாஸைப் பிடித்தால் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அதனால் ஆறு மாசம் டீயையே விட்டு, மோர் குடித்தேன்.

அந்தக் காலிப் பெட்டியில் 1800-11-2356 என்று அச்சிட்டிருந்தது. புகையிலையை விட உதவும் இலவச எண்; தமிழிலும் பேசலாம். நான் அதைக் கவனிக்காமல் தனியாகத் திண்டாடினேன். உங்கள் பையிலிருக்கும் பெட்டியிலும் அந்த எண் இருக்கும். கூப்பிடுங்கள்.