தட்டில் பெயரில்லாதவர்

என் பெரிய காக்கா பினாங்கில் கடை வைத்திருந்த நாட்களில், ஊருக்கு வரும்போதெல்லாம் சில இசைத்தட்டுகளைத் துணிமணிகளுக்கிடையே பொதிந்து கொண்டுவருவார். அவற்றுள் ஒன்று, ஃபாரன் யங் என்ற அமெரிக்கப் பாடகரின் 1956ஆம் ஆண்டுப் பாடலான ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. மொழி எனக்கு அரைகுறையாகவே விளங்கியது. ஆயினும் பாடகரின் குரலோடு இன்னொன்றும் சேர்ந்து விம்முவதை உணர்ந்தேன். “இது என்ன காக்கா?” என்று கேட்டேன். “வயலினாக இருக்கும், தம்பி” என்றார். தட்டின் நடுவே பாடகரின் பெயர் இருந்தது. விம்மியவரின் பெயர் இல்லை.

அந்த விம்மல் பெடல் ஸ்டீல் கிதாருடையது என்பதும், அதை வாசித்தவர் அந்நாளில் பத்தொன்பது வயதே ஆன பட்டி எம்மன்ஸ் என்பதும் நெடுங்காலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தன. ஓடிச்சென்று சொல்லக் காக்கா அப்போது இல்லை.

மேசைபோல் கால்களின் மீது நிற்கும் கருவி அது. இடக்கையிலுள்ள உருக்குத் துண்டு கம்பிகளின் மேல் வழுக்கிச் செல்லும்; வலக்கை மீட்டும். காலடியில் மிதிகள் உண்டு. ஒன்றை அழுத்தினால், ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியே இழுபட்டுச் சுருதி உயரும். அழுகையை அடக்க முயலும் மனிதக் குரலை அந்த ஏற்றத்தில் நான் கேட்கிறேன். பிறர் வேறு விதமாகக் கேட்கலாம்.

எம்மன்ஸ் 1937இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். பதினோராம் வயதில் ஆறு கம்பிக் கருவியொன்று கைக்கு வந்தது. சவுத் பெண்ட் நகரில் ஹவாய் இசை கற்பித்த பள்ளியொன்றில் சேர்ந்தார். ஆனால் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்த ஆசான்கள் ஜெரி பேர்டும் ஹெர்ப் ரெமிங்டனுமே. 1955இல் டெட்ராய்ட் நகர நிகழ்ச்சியொன்றில் இன்னொருவரின் இடத்தை நிரப்பப் போனார். பாடகர் லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் அவரைத் தம் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். பதினெட்டு வயதில் நாஷ்வில் வாழ்க்கை தொடங்கியது. அக்குழு பாட்டின்றி வாத்திய இசையாகவே சில தட்டுகளைப் பதிவு செய்தது. அவற்றில் எம்மன்ஸின் சொந்த ஆக்கங்களும் இடம்பெற்றன.

அதற்குச் சற்று முன்பே, 1954இல், வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ என்ற பாடல் வெளிவந்திருந்தது. அதில் பட் ஐசக்ஸ், நாதம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி இரு கம்பிகளையும் ஒருசேர உயர்த்தினார். நாடெங்கும் இளம் வாத்தியக்காரர்கள் அந்த ஒலியைத் தேடிப் புறப்பட்டனர். எம்மன்ஸும் அவர்களில் ஒருவரே. ஆனால் அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒரே மிதி செய்த வேலையை இரு மிதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒரு கம்பி அசையாமல் நிற்க, மற்றொன்று அதன் அருகே மெல்ல உயரலாயிற்று. கேட்டதைக் கற்றவர் எனலாமேயன்றி, நகலெடுத்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பின்னாளில் அக்கருவியை வாசிப்போர் பெரும்பாலும் அவர் வகுத்த முறையையே பின்பற்றினர். 1957இல் ஷாட் ஜாக்சனுடன் சேர்ந்து ‘ஷோ-பட்’ என்ற பெயரில் கருவிகளையும் செய்யத் தொடங்கினார்.

அவர் போற்றிய ஜெரி பேர்டோ கடைசிவரை மிதிகளை ஏற்கவில்லை. கையிலுள்ள உருக்குத் துண்டைச் சாய்த்தே வேண்டிய ஒலிகளை எழுப்பினார். ஒஹையோவில் பிறந்த அவர், 1972இல் ஹவாய்க்கே குடிபெயர்ந்து, அத்தீவின் இளைஞர்களுக்கு அவர்களுடைய முன்னோரின் கருவியையே கற்றுக்கொடுத்தார். ஆசானும் மாணவரும் எதிரெதிர்த் திசைகளில் நடந்ததை நினைக்கையில் எனக்கு வியப்பே மிஞ்சுகிறது.

எம்மன்ஸ் 2015இல் மறைந்தார். அந்தத் தட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. இரண்டு இடங்களில் ஊசி தாவுகிறது. அதன் காகித உறையில் ‘வயலின் பாட்டு’ என்று காக்கா எழுதியிருக்கிறார். நான் அதை அழிக்கவில்லை. அதன் கீழே, பென்சிலால், எம்மன்ஸின் பெயரை எழுதிவைத்தேன்.