ஸ்டாப்பர் ரப்பர்

அம்மாவின் முதுகெலும்பு நசுங்கியதற்கு வேகத்தடைதான் காரணம் என்று இரண்டு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். கூட்டம் வடிந்த பிறகு மயிலம் முருகனைப் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அக்கா கைக்குழந்தையோடு முன் சீட்டில். அம்மா பின்னால், பக்கவாட்டு பெஞ்சில், சக்கரத்துக்கு நேர் மேலே. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஒரு வேகத்தடை. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. நாற்பதில் போயிருப்பேன். பின்னால் இரும்பும் இரும்பும் மோதியதுபோல் ஒரு சத்தம். அம்மா "முருகா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை படுக்கையிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு, முன்பக்கம் ஆப்பு மாதிரி சரிந்திருந்தது. அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு வலுவிழந்திருக்கும், இப்படி ஒரு குலுக்கல் போதும் என்றார் டாக்டர். மூன்று மாதம் பெல்ட்.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த வேகத்தடையை அளந்தேன். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் கணக்குப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். மெல்ல ஏற்றி மெல்ல இறக்குவதற்கான அளவு அது. இது 15 செ.மீ. உயரம், அரை மீட்டர் அகலம். யாரோ மிச்சம் விழுந்த கான்கிரீட்டைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. போட்டோ எடுத்தேன். கலெக்டருக்கு மனு எழுத ஆரம்பித்தேன். கோபப்பட ஒரு அளவு கிடைத்துவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது!

அதற்குள் ஜீப்பின் பின்பக்கம் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அப்பா காலத்திலிருந்து அதைப் பார்க்கிற மெக்கானிக் அங்கேதான் இருக்கிறார். நாங்கள் பாய் என்போம்.

வண்டி எம்.எம். 540. பியூஜோ டீசல் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். திண்டிவனத்தைச் சுற்றியிருக்கும் கல் குவாரிகளுக்குக் கம்ப்ரசர் சாமான் ஏற்றிப்போக அப்பா ஏலத்தில் எடுத்தது. அவர் போன பிறகு ஒரு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான்தான் சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் விட்டு இரண்டு அங்குலம் ஏற்றினேன். புது வளைவுப் பட்டை, நீளமான ஷாக், பெரிய டயர். அப்பாவின் வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். போட்டோவில் அழகாக இருந்ததும் உண்மை. (1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது என்பது பிறகுதான் தெரியும். அது தனிக் கதை.)

பாய் பலகையைப் போட்டு அடியில் சறுக்கிப் போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தம்பி, இங்க இருந்த ரப்பர் எங்க?"

"எந்த ரப்பர் பாய்?"

"ஸ்டாப்பர் ரப்பர்."

இணையத்தில் பம்ப் ஸ்டாப் என்பார்கள். சேஸுக்குக் கீழே, ஆக்சிலுக்கு நேர் மேலே தொங்கும் ஒரு ரப்பர் கட்டை. மேடு பள்ளத்தில் ஆக்சில் மேலே எகிறும்போது பெரும்பாலும் ஸ்பிரிங்கே சமாளித்துவிடும். முடியாதபோதுதான் இந்தக் கட்டைக்கு வேலை. முதலில் மெத்தென்று வாங்கி, போகப் போக இறுகி, கடைசி ஒரு அங்குலத்தில் அடியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது இல்லையென்றால் இரும்பு இரும்பில் முட்டி ஒரே கணத்தில் நிற்கும். அந்த அடி சேஸ் வழியாக பெஞ்சுக்குப் போகும். பெஞ்சிலிருந்து?

ஒரு பக்கம் ஷாக்கின் மேல் கண் கிழிந்திருந்தது. பாய் அதைக் கழற்றி, தரையில் ஊன்றி, கையால் முழுசாக அமுக்கிக் காட்டினார். பன்னிரண்டரை அங்குலத்துக்கு மேல் சுருங்கவில்லை. பிறகு வண்டி நிற்கும் நிலையில் ஷாக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்தார். பதினாறரை.

"நாலு இன்ச் எகிறுனா ஷாக்கு ஃபுல்லா மூடிக்கும். அதுக்கு மேல போக எடமில்ல." அலமாரியிலிருந்து கம்பெனி ரப்பர் ஒன்றை எடுத்துவந்து அதன் இடத்தில் பிடித்தார். ஆக்சிலுக்கும் அதற்கும் நடுவே ஐந்தரை அங்குலம். "ரப்பர் இருந்திருந்தாலும் தொட்டிருக்காது. ஏத்தும்போது இதையும் எறக்கணும்பா. அத யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டார்கள். சென்னையில் அந்தப் பையன் இரண்டு கறுப்புத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இது வேணுமா?" என்று கேட்டான். லாரி டயரைச் சீவி, அடுக்கி, நடுவில் போல்ட் போட்டது. அசிங்கமாக இருந்தது. தூக்கிப்போடச் சொன்னேன்.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"கம்பெனி ரப்பர் வெடிச்சிப்போச்சு. கெடைக்கலன்னு உங்கப்பாவே டயர வெட்டி வெச்சாரு. ராத்திரி பதினோரு மணிக்கு. டார்ச் புடிச்சது நான்தான்." கொஞ்சம் பொறுத்து, "ஏன், அது இல்லியா இப்ப?" என்றாள்.

சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டே "சரி வுடு" என்றாள். திட்டியிருக்கலாம்.

மனுவை நான் முடிக்கவில்லை. அந்த வேகத்தடை தப்புதான், இன்னமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இதே மண்ணில் அப்பா இருபது வருஷம் இதைவிட மோசமான குவாரிப் பாதைகளில் அவளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார்.

புது ஷாக் வந்த பிறகு பின் சக்கர வேலைக்கு ஒரு முழு நாள் ஆனது. பழைய போல்ட் துருப்பிடித்து அசையவில்லை, டீசல் ஊற்றி ஊறவைத்தோம். ரப்பரை இரண்டரை அங்குலம் இறக்கப் பெட்டிக் குழாய்த் துண்டு போதுமே என்றேன். "நசுங்கிடும்" என்றார் பாய். லேத்தில் உருண்டையாகக் கெட்டி இரும்பு கடைந்து, நடுவில் துளை போட்டு வாங்கினார். வெல்டிங்கும் வேண்டாம், சேஸில் சூடு வைக்கக் கூடாது என்று பழைய துளையிலேயே நீளமான போல்டைப் போட்டு முடுக்கினார். இப்போது மூன்று அங்குலத்தில் ரப்பர் தொடும், நான்கில்தான் ஷாக் மூடும். நடுவே இருக்கும் ஒரு அங்குலம் ரப்பருக்கு.

"அப்ப ஏத்துனதுக்கு மேலயே இதுக்குப் போச்சே பாய்."

"அதுக்குத்தான் நான் எதையும் ஏத்துறதில்ல" என்றார்.

ரப்பரின் அடியில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டார். தொட்டால் ஆக்சிலில் வெள்ளை ஒட்டும். பின்பக்கம் நான்கு மூட்டை மணலை ஏற்றிக்கொண்டு அதே வேகத்தடைக்குப் போனேன். முதலில் இருபதில், பிறகு முப்பதில், கடைசியாக நாற்பதில். பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம், தலையணை விழுந்த மாதிரி.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு செல்போன் வெளிச்சத்தில் அடியில் படுத்துப் பார்த்தேன். அம்மா பெல்ட்டோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தொட்டுச்சா?"

"ரெண்டு பக்கமும் தொட்டிருக்கும்மா."

"டார்ச்சு வேணுமா?" என்றாள்.